சக்கரத்துக்கு ஒரு சங்கிலி

பனி என்று நம் பக்கத்தில் சொன்னால், அது மார்கழி விடியலில் சோளத்தட்டையின் மேல் நிற்கும் நீர்த்துளியைக் குறிக்கும். முதியவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பஜ்ருத் தொழுகைக்குப் போவதற்கு அது காரணமாகும். வெயில் ஏறிய அரை நாழிகையில் அது இருந்த இடம் தெரியாது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த இந்த வானம் பார்த்த பூமியில், பனியால் ஒருவர் உயிரிழந்தார் என்று எவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இமயத்தின் மடியில் ஆள் உயரத்துக்குக் குவிந்து, பாதையை மூடி, ஊரையும் ஊரையும் பிரித்து வைக்கும் அந்த வெண்மையையும் தமிழில் பனி என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காஷ்மீரிகள் அதற்கு ‘ஷீன்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிருக்கும் ‘சில்லைக் கலான்’ என்று அவர்களிடம் பெயர் உண்டு. ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கும்போது இடையே எத்தனை தூரம் இருக்க முடியும் என்பதை நாம் ஏட்டில் கற்கவில்லை. லாரியின் பின்சக்கரத்துக்கு அருகே மல்லாந்து படுத்துக் கற்றோம்.

பாளையம்பட்டியில் பிறந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். மழை பொய்த்தால் கரிசல் பிளந்து கிடக்கும். தறியும் எல்லாக் குடும்பத்துக்கும் சோறு போட்டுவிடாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் அப்படித்தான் பிடித்தார்கள். சிவகாசியிலும் சாத்தூரிலும் கட்டப்படும் தீப்பெட்டிப் பண்டல்கள் வட இந்தியா முழுமைக்கும் லாரியில் போயின. அந்தச் சுமையோடு போகிறவர்களுள் நம் மாமுவும் ஒருவர். 1980களின் நடுப்பகுதியில், அவருக்கு இரண்டாம் டிரைவராக ஒரு குளிர்காலத்தில் ஸ்ரீநகருக்கு நாம் புறப்பட்டோம். வண்டி டாட்டா 1210. சுமை தீப்பெட்டி. இந்தச் சுமையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், தில்லி என்று போன வழியை விவரிப்பதில் பயனில்லை. லாரிக்காரருக்கு அந்த ஊர்கள் எல்லாம் டீக்கடைகளும் செக்போஸ்டுகளுமே. பதான்கோட்டைத் தாண்டி லக்கன்பூரில் காஷ்மீர் மாநில எல்லைக்குள் நுழைந்தபோதுகூட, உடம்பு நடுங்கியதே தவிர மனம் எதையும் உணரவில்லை. ஜம்முவில் இருந்து ஸ்ரீநகருக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அன்று அதற்குத் தேசிய நெடுஞ்சாலை 1ஏ என்று பெயர். உதம்பூர், குத், பத்னிடாப், பட்டோட், ராம்பன் என்று ஏறியும் இறங்கியும் அந்தச் சாலை பனிஹாலை அடையும். குளிர்காலத்தில் ஒரு நாள் மேலே செல்லும் வண்டிகளை விட்டால் மறுநாள் கீழே வரும் வண்டிகளை விடுவார்கள். பனி கொட்டினால் இரண்டும் இல்லை. நாம் பனிஹாலை அடைந்த அன்று வரிசையாய் நின்ற லாரிகளின் கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். போலீஸ்காரர் ஒவ்வொரு வண்டியாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே கேள்விதான்: சங்கிலி இருக்கிறதா?

மாமுவுக்கு முப்பது ஆண்டு அனுபவம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அவர் ஏறாத கணவாய் இல்லை. ஆயினும் பனிக்காலத்தில் அந்தச் சாலைக்கு அவர் வந்தது அதுவே முதல் முறை. அவர் எதையும் மறைக்கவில்லை, இல்லை என்றார். கடைத்தெருவில் சங்கிலி விலைக்கும் கிடைத்தது, வாடகைக்கும் கிடைத்தது. விலைக்கே வாங்கினோம். வண்டி முதலாளிக்கு அந்தச் செலவுக் கணக்கு கடைசிவரை விளங்கவில்லை என்பது தனிக்கதை. “டயருக்குக் காற்றுதானே அடிப்பார்கள், சங்கிலி எதற்கு?” என்று கேட்டவர் அவர்.

எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறோம். உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பருக்கு இருக்கும் பிடிப்பில் ஏழில் ஒரு பங்குகூட உறைபனியின் மேல் இருப்பதில்லை. பனிக்கட்டியின் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலம் போன்ற ஒன்று எப்போதும் இருக்கிறது என்று மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1850-ஆம் ஆண்டிலேயே சொன்னார். எலும்பை உறைய வைக்கும் கடுங்குளிரைவிட, உருகலாமா வேண்டாமா என்று பனி தயங்கும் வேளையே டிரைவருக்குப் பொல்லாத வேளை. காலையில் கல்லாய்க் கிடந்த பாதை, பத்து மணி வெயிலில் எண்ணெய் தடவிய பலகையாகிவிடும். அங்கே பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது.

சங்கிலி அந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்குகிறது. வண்டியின் எடை முழுதும் அகன்ற ரப்பரின் மேல் பரவாமல் சில இரும்பு வளையங்களின் மேல் குவிகிறது. புதுப்பனியில் அது நன்றாகக் கடிக்கும். கண்ணாடியாய் இறுகிப்போன பனியில் கீறத்தான் முடியும். ஆனால் அந்தக் கீறல்கூட இல்லாவிட்டால் கதி என்ன என்பதைப் பள்ளத்தாக்கில் கிடந்த வண்டிகளைக் கண்டவர்கள் அறிவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட். 1904-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சேற்றிலும் பனியிலும் வண்டியோட்டிகள் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி ஓட்டியதைக் கண்டுதான் அந்த எண்ணம் அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். இதைப் பிற்காலத்தில் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. ஐப்பசி மழையில் கரிசல் ஊறிப் பசையாகி, லாரியின் பின்சக்கரம் வெறுமனே சுழலும்போது, இரட்டை டயரின் நடுவே தேங்காய்நார்க் கயிற்றை விட்டுச் சுற்றிக் கட்டி வண்டியை எடுப்பது நம் பக்கத்து டிரைவர்களுக்குப் பழக்கமான வேலை. காப்புரிமை என்னும் பேச்சு அவர்கள் காதில் விழாமல் போயிற்று.

சங்கிலி பார்ப்பதற்கு ஒரு நூலேணியைப் போல இருக்கும். இரு பக்கமும் நீண்ட சங்கிலிகள். அவற்றை இணைத்துப் படிக்கட்டுபோல் குறுக்குச் சங்கிலிகள். ஒரு சக்கரத்துக்குரியதைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டும். கடைக்காரர் கட்டிக் கொடுத்ததைச் சாக்கோடு தூக்கி வந்து வண்டியடியில் போட்டுவிட்டு, மாமுவும் நாமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். பெரன் என்னும் நீண்ட அங்கி. அதற்குள் காங்கிடி என்னும் தீச்சட்டி. முன்பக்கம் புகை வரும் மனிதரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். ஸலாம் சொன்னார். பதில் சொன்னதும் நம் முகத்தையும் வண்டியின் பலகையில் எழுதியிருந்த தமிழையும் மாறிமாறிப் பார்த்தார். எந்த ஊர் என்று உருதுவில் கேட்டார். மதராஸ் என்றோம். பாளையம்பட்டி என்று சொல்லி அவருக்கு விளங்கவைக்க அந்தக் குளிரில் நமக்குத் தெம்பு இல்லை. அவரும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராம். சாக்கின் மேல் கையை வைத்து, “இதைப் போட்டுப் பார்த்தீர்களா?” என்றார். பனி வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று மாமு சொன்னார். பெரியவர் தலையை அசைத்தார். பனி வந்த பிறகு போடக் கற்பவன் பனியிலேயே தங்கிவிடுவான் என்பது அவர் சொன்னதன் கருத்து.

அன்று பனிஹாலில் நல்ல வெயில். தரை காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த தரையில் அவர் மாணவர்களைப்போல் எங்கள் இருவரையும் மும்முறை சங்கிலி போட வைத்தார்.

முதலில் தரையில் விரித்து, முறுக்கு இருக்கிறதா என்று வளையம் வளையமாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு முறுக்கு இருந்தாலும் பாதி வழியில் அறுந்துவிடும். பிறகு டயரின் மேல் போர்த்த வேண்டும். குறுக்குச் சங்கிலிகளின் கொக்கி முனைகள் ரப்பரைப் பார்க்கக்கூடாது, வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். உட்பக்கத்துக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும். அதற்குத்தான் மல்லாந்து படுக்க வேண்டும். வெளிப்பக்கத்தைக் கடைசியில் இழுத்து மாட்டிவிட்டு, வண்டியை ஐம்பது அறுபது அடி நகர்த்தி நிறுத்தி, தளர்ந்த இடத்தை மறுபடி இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள் என்றார். இரட்டை டயரில் வெளி டயருக்குப் போட்டால் போதும். பழைய ட்யூபை வாராக அறுத்து, சங்கிலியின் தொய்வை இழுத்துக் கட்டவும் காட்டிக் கொடுத்தார். அளவுக்கு மீறி இறுக்கவும் கூடாதாம். ஓடும்போது சங்கிலி டயரின் மேல் சிறிது சிறிதாய் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்து ரப்பரைத் தின்றுவிடும்.

மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னார். மாமுவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மாப்பிள்ளே, இந்த மனுசன் நம்மளை வச்சு வெளையாடுறாரு” என்று தமிழில் சொன்னார். பெரியவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்தது. மேலே மலையைக் காட்டி, அங்கே இருட்டிலும் காற்றிலும் விளக்குப் பிடிக்க ஆள் இருக்கமாட்டான், விரலுக்குத்தான் கண் வேண்டும் என்றார். மாமு பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்தார்.

நம் சுமையைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். தீப்பெட்டி இடத்தை அடைக்குமே தவிர எடை குறைவு. பாரம் இலேசானால் மலையில் நல்லது என்று நாம் எண்ணியிருந்தோம். ஏற்றத்துக்கு அது சரி. ஆனால் பனியில் பின்சக்கரத்தை அழுத்த எடை வேண்டும். சங்கிலி கடிப்பதும் எடையால்தான். உயரமாய்க் கட்டிய இலேசான பாரத்தைப் பக்கக்காற்றும் தள்ளும். “உங்கள் வண்டி பயப்பட வேண்டிய வண்டி” என்றார். அதைவிட நேர்மையான சான்றிதழை எந்த அலுவலகமும் நமக்குத் தந்ததில்லை.

அன்றிரவே தீப்பெட்டியின் இன்னொரு குணம் வெளிப்பட்டது. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து, குழாயை அடைத்துக்கொள்ளும். அங்குள்ள டிரைவர்கள் விடியற்காலையில் டாங்கியின் அடியில் சிறு நெருப்பு மூட்டி அதனை இளக்குவார்கள். நம் வண்டியின் கீழே நெருப்பா? பக்கத்து வண்டிக்காரர் தணலோடு நெருங்கியபோது மாமு போட்ட கூச்சலில் வரிசை முழுதும் விழித்துக்கொண்டது. சுமை என்னவென்று தெரிந்ததும் முன்னும் பின்னும் நின்ற வண்டிகள் கொஞ்சம் விலகிக்கொண்டன. டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து வைப்பதும், வெந்நீரில் நனைத்த சாக்கைப் பில்டரின் மேல் சுற்றுவதும்தான் நமக்கு ஆகுமான வழிகள். ரேடியேட்டர் தண்ணீரை இரவில் திறந்துவிட்டு, காலையில் சுடச்சுட ஊற்றினோம். மறந்தவர்களின் ரேடியேட்டர் விரிசல் கண்டிருந்தது.

மறுநாள் பிற்பகலில் வரிசை நகர்ந்தது. பனிஹாலுக்கு மேலே ஜவாஹர் சுரங்கம். 1956-இல் திறக்கப்பட்டது, நீளம் 2.85 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர். சுரங்கத்தின் தெற்கு வாயிலை நெருங்கும்போது பனி கொட்டத் தொடங்கியது. சங்கிலியை எங்கே போடுவது என்பது ஒரு சிக்கல். சுரங்கத்துக்குள் பனி இல்லை. வெறும் தரையில் ஓடினால் சங்கிலி தேயும், டயரும் கெடும். ஆனால் வடக்கு வாயிலை விட்டு வெளியே வந்ததும் இறக்கம். அங்கே வண்டியை நிறுத்திப் படுப்பதற்கு இடமில்லை. தேய்ந்தால் தேயட்டும், இந்தப் பக்கமே போட்டுக்கொள்ளுங்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார். போட்டோம். விரல்கள் இரும்பில் ஒட்டிக்கொண்டு பிரியும்போது தோலைக் கேட்டன. கையுறை நனைந்தபின் அது கையுறை அல்ல, பனிக்கட்டி. இருட்டவில்லை என்றாலும் பனி கண்ணை மறைத்தது. உட்பக்கத்துக் கொக்கியை நாம் பார்த்து மாட்டவில்லை, தடவித்தான் மாட்டினோம்.

சுரங்கத்துக்குள் அந்தச் சங்கிலி எழுப்பிய ஓசையை எப்படிச் சொல்வது! பத்து ஜட்கா வண்டிகள் கல்லில் ஓடுவதுபோல இருந்தது. மாமு ஸலவாத்து ஓதியது அவர் உதடு அசைந்ததால்தான் தெரிந்தது. வெளியே வந்ததும் ஓசை திடீரென்று அடங்கிவிட்டது. அந்த அமைதிதான் அச்சத்தைத் தந்தது. வெள்ளையின் மேல் வெள்ளை. சாலை எது, ஓரம் எது என்று தெரியவில்லை. முதல் கியர். ஆக்சிலேட்டரில் கால் இல்லை. பிரேக்கிலும் கால் இல்லை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. முன்சக்கரத்துக்குச் சங்கிலி இல்லையாதலால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட வேண்டும். வளைவுக்குள் எதுவும் செய்யக்கூடாது. மாமு அப்படியே செய்தார். முப்பது ஆண்டுப் பழக்கம் பிரேக்கைத் தேட, ஒரு நாள் பாடம் அந்தக் காலைத் தடுத்துக்கொண்டிருந்ததை நாம் பக்கத்தில் இருந்து பார்த்தோம்.

மூன்றாவது வளைவோ நான்காவதோ, முன்னே போன லாரி ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதன் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து, வால் சுழன்று, மலைப்பக்கத்துப் பனிமேட்டில் சாய்ந்திருந்தது. சுழற்சி மறுபக்கம் போயிருந்தால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இராது. மாமு பிரேக்கைத் தொட்டார். மிதிக்கவில்லை, தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். சங்கிலி பனியைக் கிழிக்கும் ஓசை கேட்டது. எங்கள் வண்டி ஒரு முழம், அரை முழம் என்று தயங்கித் தயங்கி, அந்த லாரிக்கு இரண்டு கஜம் பின்னால் நின்றது. நாங்கள் இருவரும் இறங்கவே இல்லை. இறங்கக் கால் வரவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த அந்த லாரியின் டிரைவர்தான் நடந்து வந்து கதவைத் தட்டி, கட்டுக்கம்பி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அறுந்த இடத்தை மூன்று பேருமாய் முறுக்கிக் கட்டி, பின்னால் வந்தவர்களும் சேர்ந்து பனியை மண்வெட்டியால் வாரி, அவ்வண்டியை நேராக்க இரவாகிவிட்டது.

காஜிகுண்டை அடைந்தபோது இஷா நேரம் கடந்திருந்தது. அங்குள்ள பள்ளிவாசலில் ஹம்மாம் உண்டு. காஷ்மீரத்துப் பள்ளிகளில் கல் பாவிய தரைக்கு அடியில் விறகெரித்துச் சூடாக்கி வைத்திருப்பார்கள். உளூச் செய்ய வெந்நீரும் அங்கேயே. அந்தச் சூடான கல்லின் மேல் பாதத்தை வைத்ததும் மாமு அழுதுவிட்டார். பயணிகளுக்குரிய கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதோம். அவர்களும் நம்மைப் போன்றே ஹனஃபி வழியினர். ஆகையால் கை கட்டுவதில்கூட அந்நியம் தோன்றவில்லை. விடியலில் பஜ்ருக்குப் பின் எல்லாரும் ஒரே குரலாய், உரக்க ‘அவ்ராத்’ ஓதினார்கள். அமீரே கபீர் சையித் அலீ ஹமதானீ அவர்கள் பதினான்காம் நூற்றாண்டில் அவர்களுக்கு விட்டுச்சென்ற வழக்கம் அது. நம் ஊரில் மவ்லூது ஓதும் இரவுகள் நினைவுக்கு வந்தன.

குளிருக்கும் நம் மார்க்கத்துக்கும் உள்ள தொடர்பை அங்கேதான் சிந்தித்தோம். தண்ணீர் இல்லாதபோது தயம்மும் என்று மதரஸாவில் படித்தோம். தண்ணீர் இருந்தும் அது உயிருக்கு ஊறு செய்யுமானால் தயம்மும் ஆகும் என்பது கரிசல்காட்டுப் பிள்ளைக்கு மனப்பாடமாக இருந்ததே அன்றி மனத்தில் பதியவில்லை. ஹிஜ்ரி 8-இல் ‘தாதுஸ் ஸலாஸில்’ என்னும் படையெடுப்பில், அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கடுங்குளிர் இரவொன்றில் குளிக்கக் கடமைப்பட்டிருந்தும், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். அதைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்காமல் புன்னகைத்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஸலாஸில் என்றால் அரபியில் சங்கிலிகள். அந்த இடத்துக்கு அங்கிருந்த நீர்நிலையால் அப்பெயர் வந்தது என்பாரும் உண்டு. எப்படியாயினும், சங்கிலியும் குளிரும் உயிரச்சமும் ஒன்றாய் நின்ற அந்தக் காலைப்பொழுதில் அப்பெயர் நம் நினைவுக்கு வந்ததை வியப்பாகவே கருதுகிறோம்.

ஊர் திரும்பி இதையெல்லாம் சொன்னபோது நன்னிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “ஓடுற வண்டிக்கு எதுக்குடா சங்கிலி? கட்டிப்போட்டா அது எப்படிப் போகும்?” என்று கேட்டார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாட்டுப்புறத்தாருக்கு அறிவுறுத்தியதை அத்தா எடுத்துச் சொல்லி விளக்கினார். நன்னி ஏற்றுக்கொள்ளவில்லை. ஒட்டகத்தைக் கட்டுவது நிற்பதற்கு, லாரியைக் கட்டுவது ஓடுவதற்கு; இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று திருப்பிக் கேட்டார்கள். அத்தாவிடம் பதில் இல்லை. நமக்கும் இதுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சங்கிலியை ஒருமுறை ஐப்பசியில் திருச்சுழிச் சாலையை ஒட்டிய கரிசலில் போட்டுப் பார்த்தோம். நான்கு சுற்றில் சேறு வளையங்களை அடைத்து, சக்கரமே ஒரு களிமண் உருண்டையாயிற்று. கரிசலுக்குக் கயிறுதான் சரி.

இன்று அந்தப் பாதை மாறிவிட்டது. பத்னிடாப்பைத் தவிர்க்கும் செனானி–நாஷ்ரி சுரங்கம் 2017-இலும், ஜவாஹர் சுரங்கத்துக்கும் கீழே 8.45 கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால்–காஜிகுண்டு சுரங்கம் 2021-இலும் திறக்கப்பட்டன. நாம் நடுங்கிக்கொண்டு இறங்கிய வளைவுகளை இப்போதைய டிரைவர்களுள் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. செனாப் நதியின் மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தின் வழியே 2025 ஜூனில் இருந்து ரயிலும் ஓடுகிறது. அன்று 1ஏ என்றிருந்த சாலையும், மதுரை விருதுநகர் வழியே போகும் சாலையும் எண் மாற்றத்தால் ஒரே 44-ஆம் நெடுஞ்சாலையாகிவிட்டன. விருதுநகரில் நின்றுகொண்டு இது ஸ்ரீநகர்ச் சாலை என்று சொன்னால் பொய்யில்லை.

ஆயினும் பனி எங்கும் போய்விடவில்லை. 2025 ஜனவரியில் சோனாமார்க் சுரங்கம் திறந்தபின், முன்பு குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த இடங்களுக்கும் வண்டிகள் போகின்றன. நம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இப்போது லாரி ஓட்டுகிறார். சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் மாலை கைபேசியில் அழைத்தார். காற்றின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

“மாமு, செயினு வாங்கிட்டேன். கொக்கி எந்தப் பக்கம் பாக்கணும்?”

“வெளிப்பக்கம். இப்ப பனி பெய்யுதா?”

“இல்ல மாமு, வெயில் அடிக்குது. நாளைக்குத்தான் மேல விடுவாங்களாம்.”

அப்படியானால் இப்போதே மூன்று முறை போட்டுக் கழற்றிப் பார்க்கும்படி சொன்னோம். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னபோது, மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கைபேசியைத் தரையில் வைத்துவிட்டார் போலும். இரும்பு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழும் ஓசை கேட்டது.